வலது சக்கரத்தில் ஒரு சொட்டு

பழைய டூத்பிரஷ்ஷைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஒரு பிரஷ்ஷில் ஆயிரத்துச் சொச்சம் இழை இருக்கிறது. ஒவ்வோர் இழையும் ஒரு காருக்கு ஏரியல். கேட்காததைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் ஐயா. "ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க" என்றீர்கள். ஆரம்பம் இதுதான்.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர் முன்னறையில் வாயைத் திறக்கச் சொல்வார். பின்னறையில் உட்கார்ந்து அந்த வாய்க்கு வேண்டிய பல்லைச் செய்வது நான். முப்பது வருடமாக ஊரில் பாதிப் பேர் என் சிரிப்பைத்தான் சிரிக்கிறார்கள். ஒருத்தராவது பின்னறைக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சும்மா தகவலுக்காகச் சொன்னேன்.

பொழுதுபோக்கு, மாடல் கார். நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு. பெட்டியில் வருவதை அப்படியே ஒட்டி நிறுத்தினால் அது பொம்மை. நாமே கையால் செய்து சேர்க்கிற சின்னச் சின்ன சமாச்சாரங்கள்தான் அதைக் காராக்கும். சீட் பெல்ட்டுக்குப் பரிசுப் பொட்டல ரிப்பன். பக்கக் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள். தரை விரிப்புக்கு நகைப்பெட்டி வெல்வெட். சக்கரத்துச் சேற்றுக்கு, உலர்த்திப் பொடித்த டீத்தூள். இன்ஜின் வயர்களுக்குத் தலைமுடி.

தலைமுடி என் அக்காவுடையது. சீப்பில் சிக்கியதைச் சுருட்டி ஒரு கவரில் போட்டு வைப்பாள். மாத்திரை அட்டையும் அவள் வீட்டிலிருந்துதான். கடைசியாகக் கொடுத்தபோது, "இனிமே வயருக்கெல்லாம் நீதான்டா டை அடிச்சுக்கணும். எனக்கு நரைச்சுப் போச்சு" என்றாள். நல்ல மனுஷி.

அத்தான் விஷயம் வேறு. எங்கள் பேரவையின் தலைவர் அவர். சிற்றளவு வாகனக் கலைஞர் பேரவை என்று பெயர். மொத்தம் பதினோரு பேர். ஒரு தலைவர், இரண்டு துணைத்தலைவர்கள், ஒரு செயலாளர், மூன்று இணைச் செயலாளர்கள், ஒரு பொருளாளர், ஓர் ஆலோசகர். வெறும் உறுப்பினர்கள் இரண்டே பேர்: நானும், காது மந்தமான ஒரு தையல்காரரும். அவர் பாக்கியசாலி.

அத்தான் வண்டிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நாலு வருடம் வண்டிகளைச் சுற்றி வந்தார். குனிந்து பார்ப்பது உதவியாளர் வேலை. அவர் குனிந்து நான் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு கழுத்தில் சங்கிலி போட்டு ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டார். மேடையில் ஏறினால் அது பதக்கம் மாதிரி ஆடும். 'ஆதாரம் இல்லாத விவரம் அலங்காரம்' என்பது அவர் கண்டுபிடித்த வாசகம். அதை பேனராக அடித்து, நடுவில் தன் படத்தைப் போட்டு, கூட்ட அறையில் மாட்டியிருந்தார். அதாவது, மாடலில் நாம் சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் நிஜக் காரின் புகைப்படம் ஒன்றைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் போட்டியில் இடம் கிடையாது.

இந்த வருடப் போட்டிக்கு நான் அத்தானின் காரையே செய்தேன். பதினாலு வயதான வெள்ளைக் கார். பதினோரு மாதம் ஆனது. பின்விளக்கில் இருக்கும் கீறல், மங்கிப்போன ஸ்டிக்கர், உயரம் போதாமல் அக்கா ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் பச்சைக் குஷன், எல்லாம் செய்தேன். எல்லாவற்றுக்கும் படம் இருந்தது.

ஒன்றைத் தவிர.

வலது முன்சக்கரத்தின் உள்பக்கம் ப்ரேக் ஆயில் வரும் ரப்பர் குழாய் இருக்கும். என் மாடலில் அது ஊசியைவிட மெல்லியது. அதில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு வைத்தேன். வெடிப்பின் முனையில், இதோ விழப்போகிறேன் என்கிற மாதிரி ஒரு சொட்டு. வார்னிஷ்தான். பல் குச்சி நுனியில் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வைக்க வேண்டும். நாற்பத்தோரு தடவை வழிந்து போயிற்று. நாற்பத்திரண்டாவது தடவை நின்றது. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே சிறந்த பொருள் அது. பல்லையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போட்டியன்று அத்தான் மாடலைக் கவிழ்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"என்ன மாப்ளே, இங்க ஈரமா இருக்கு?"

"ப்ரேக் ஆயில் கசிவு, அத்தான்."

"யார் வண்டில?"

"உங்க வண்டிதானே அத்தான் இது."

அவர் சபையைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்குங்க. ஊர் வண்டிக்கெல்லாம் சர்ட்டிபிகேட் குடுத்தவன் நான். என் வண்டிக்கு மூக்கு ஒழுகுதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரர் மட்டும், மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, மரியாதைக்குச் சிரித்தார்.

"ஆதாரம் எங்க மாப்ளே?"

"இல்ல அத்தான். தோணிச்சு, வெச்சேன்."

"தோணினா கவிதை எழுதுங்க. இங்க வெக்காதீங்க. சொட்டைச் சுரண்டிட்டு வாங்க, ஆறுதல் பரிசு தரேன்."

கோப்பை ஒரு துணைத்தலைவருக்குப் போனது. அவர் செய்த தீயணைப்பு வண்டியில் ஸ்டியரிங்கே இல்லை. ஆனால் காயலான்கடையில் ஸ்டியரிங் இல்லாமல் நின்ற ஒரு தீயணைப்பு வண்டியின் புகைப்படம் அவரிடம் இருந்தது.

பேரவையின் ஏழாம் விதி, ஒரு வாரத்துக்குள் ஆதாரம் காட்டினால் தீர்ப்பைத் திருத்தலாம் என்கிறது. அத்தானே எழுதிய விதி. அவசியமானால் நிஜ வண்டியை நடுவர்கள் நேரில் பார்ப்பார்கள் என்றும் அதில் இருக்கிறது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது மாடலை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் தொழிலில், பல் செட் வாயில் பொருந்தவில்லை என்றால் இரண்டு வழி. நான் பல்லைத் தேய்க்கலாம், அல்லது டாக்டர் ஈறைச் சரிசெய்யலாம். எது நன்றாக அமைந்திருக்கிறதோ அதைத் தொடக் கூடாது. என் மாடல் நன்றாக அமைந்திருந்தது. கார்தான் அதற்குப் பொருந்தாமல் இருந்தது.

புதன்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் தூங்கிவிடுவார். அதற்கு அத்தாட்சியாகத் தெரு வரைக்கும் குறட்டை கேட்கும். முன்பக்கமாகத் தலையைக் கொடுத்துக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். மெழுகுப் பல் செதுக்குகிற கத்தியால் குழாயில் ஒரு கீறல். அறுத்துப் போடவில்லை, அது முரட்டுத்தனம். பதினோரு நிமிடத்தில் சொட்டு திரண்டது. படம் எடுத்தேன். நிஜச் சொட்டு என்னுடையதைப் போலவே இருந்தது. கொஞ்சம் சுமார் என்றுகூடச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பின்னால் மதில் சுவர் தெரிந்தது. அத்தான் எப்போதும் காரின் இடது பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்துவார். நான் கீறியது இடது சக்கரம்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், இது யாருக்கும் வரக்கூடிய தவறுதான். மாடலைக் கவிழ்த்து வைத்துத்தான் அடியில் வேலை செய்வோம். கவிழ்த்தால் வலது சக்கரம் என் இடக்கைப் பக்கம் வரும். பதினோரு மாதம் அது என் இடக்கைப் பக்கம்தான் இருந்தது. காருக்கு அடியில் படுத்தவுடன் கை பழக்கத்தில் இடப்பக்கம் போய்விட்டது. ஆனால் அங்கே கவிழ்ந்திருந்தது கார் அல்ல, நான். நோயாளியின் வலது கடைவாய் எனக்கு இடது என்று முப்பது வருடமாகத் தெரிந்தவன். எனக்கே வெட்கமாக இருந்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆதாரம்தான் வேண்டும் என்றால் ஒரு பக்கம் போதுமே, எதற்கு இரண்டு பக்கமும் என்று கேட்டீர்கள். இத்தனை பேர் விசாரித்ததில் நீங்கள் ஒருத்தர்தான் சரியாகக் கவனித்துக் கேட்டது. இரண்டாவது ஆதாரம் அல்ல ஐயா. திருத்தம்.

ஒரு பக்கக் குழாய் போனாலும் மற்ற பக்கம் ப்ரேக் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியுமா என்றும் கேட்டீர்கள். தெரியும். அத்தான் பேரவையில் அதைப் பற்றி நாற்பது நிமிடம் உரையாற்றியிருக்கிறார். முன்னால் இரண்டுமே போனால் ஒன்றும் மிஞ்சாது என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். அப்படியானால் வலதைக் கீறுவதற்கு முன் இடதை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். நான் மெக்கானிக் இல்லை. தெரியாத வேலையில் கை வைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

சனிக்கிழமை மதியம் வலது பக்கத்தை முடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அக்காவின் செருப்பு காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"என்னடா, கீழ என்ன பண்ற? சட்டையெல்லாம் அழுக்கு."

"போட்டோ எடுக்கறேன்கா. நாளைக்குக் கூட்டத்துல காட்டணும்."

"அவரு சொன்னதுக்காகவா? அந்த மனுஷன் வாய்க்கு ஒரு பல் செட் செஞ்சு குடேன். திறக்க முடியாத மாதிரி."

நான் வெளியே வந்தேன். அவள் முந்தானையால் என் நெற்றியில் இருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தாள்.

"உன் சொட்டு நல்லாத்தான்டா இருக்கு. நேத்து அவரு தூங்கறப்போ அந்தப் பூதக்கண்ணாடிய எடுத்து, போன்ல நீ அனுப்பின படத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் கையை நீட்டித் துடைக்கப் போயிட்டேன்னா பாரேன்."

பதினோரு மாத உழைப்பில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. பதிவு செய்துகொள்ளுங்கள்.

"நாளைக்கு நான்தான் ஓட்டறேன். அவருக்கு முட்டி வலி. மேம்பாலத்து வழியா வந்துடுவோம். நீயும் இங்க வந்துடேன், சேர்ந்து போலாம். வண்டில இடம் இருக்கே."

"இல்லக்கா. நான் பஸ்லயே வந்துடறேன்."

"ஏன்டா?"

"மாடல் குலுங்கிடும்."

அவள் சிரித்தாள். நான் கிளம்பும்போது, "மெதுவா ஓட்டுக்கா" என்று சொன்னேன். இதை வேறு யாரும் கேட்கவில்லை. ஆனால் சொன்னேன். எச்சரிக்கை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கவரில் படத்தோடு கூட்ட அறையில் காத்திருந்தேன். பத்து மணிக்குச் செயலாளருக்கு போன் வந்தது. மேம்பாலத்து இறக்கத்தில், சிக்னலில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதியிருக்கிறது. ஓட்டுகிற பக்கம்தான் முழுக்க உள்ளே போய்விட்டது. அக்கா அங்கேயே போய்விட்டாள். அத்தானுக்குக் காலும் இரண்டு விலா எலும்பும் முறிந்துவிட்டன.

இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம். தையல்காரர் நான்கு நிமிடம் செலுத்தினார். பிறகு நான் ஏழாம் விதியை நினைவுபடுத்தினேன். அன்றோடு வாரம் முடிகிறது. துணைத்தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார், படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு 'ஆதாரம் ஏற்கப்பட்டது' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேரில் பார்க்க வண்டி வரவில்லை என்பதால் அந்தப் பிரிவு தளர்த்தப்பட்டது.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கும். நானாக இங்கே வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தான் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். வாக்குமூலம் வாங்க வந்த உங்கள் ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வண்டி மேல குத்தமே கிடையாது சார். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ் எனக்கு. ப்ரேக் புடிக்கல ப்ரேக் புடிக்கலன்னு கத்தினா. பயத்துல எதையோ மிதிச்சிருக்கா. அவளுக்கு ஓட்டத் தெரியாது சார். அவ்வளவுதான்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் சொன்னது உண்மை இல்லை. அக்காவுக்கு மிக நன்றாக ஓட்டத் தெரியும். இருபது வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அவள் ப்ரேக்கைத்தான் மிதித்தாள்; மிதித்த வேகத்துக்கு, கீறிய குழாய்கள் தாங்கவில்லை. செத்துப்போன ஒரு பெண் மேல் ஆதாரம் இல்லாமல் இப்படி ஒரு பழி. அதைப் பொறுத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு படங்களையும் மாடலையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தேன். அக்காவின் நல்ல பெயரைக் காப்பாற்ற என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். புதன்கிழமை இடது குழாயைக் கீறியவன் நான். சனிக்கிழமை வலது குழாயைக் கீறியவனும் நான். யாரும் தூண்டவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

போடுவதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். அதோ, உங்கள் மேஜையில் சாட்சிப் பொருள் என்று அட்டை கட்டி வைத்திருக்கிறீர்களே என் மாடல், அதில் வலது பக்கம் மட்டும்தான் கசிகிறது. நிஜத்தில் இரண்டு பக்கமும் கசிந்திருக்கிறது. அதற்கு இப்போது சர்க்காரே எடுத்த புகைப்படம் ஆதாரமாக இருக்கிறது. ஒரு சொட்டு வார்னிஷும் ஒரு பல் குச்சியும் கொடுத்தால் போதும். இப்படியே கோர்ட்டுக்குப் போனால், பார்க்கிறவர்கள் என்னைக் கவனக்குறைவான ஆள் என்று நினைத்துவிடுவார்கள்.