செல்லூரில் தறி நின்ற பத்து நிமிடம்

காலையில் சமயநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னதைக் கேட்டுத்தான் காதைக் கொடுத்தேன்.

"எம்மக பேசுறதுக்காக நேத்து எங்க சந்துல அம்புட்டுத் தறியும் நின்னுச்சு மதினி."

"செல்லூர்ல எழவு விழுந்தாத்தானடி தறி நிக்கும்!"

"டீச்சர் பாடத்த வீடியோவா போன்ல அனுப்புவாக. வீட்டுல பாத்துட்டு, புரிஞ்சத இவ பேசி அனுப்பணும். மறுநா அதவச்சுத்தேன் வகுப்பு. ரெண்டு தடவ அனுப்புனா, வகுப்புல போட்டப்ப தறிச்சத்தந்தேன் கேட்டுச்சு. புள்ளைக சிரிச்சுருச்சுக. இனிமே பேசவே மாட்டேன்னு அழுதுட்டா."

"அவ வாயத் தொறக்குறதே பெருசு!"

"அதான் வீடு வீடாப் போயிக் கேட்டேன், பத்து நிமிசம் நிப்பாட்டுங்கன்னு. கடைசி வீட்டு அண்ணே மட்டும் மொறச்சாரு. பெறகு பாத்தா, அவருதேன் வாசல்ல நின்டு, 'ஒருத்தரும் இருமக்கூடாது'ன்னு அதட்டுறாரு!"

மதினி சிரித்தாள். "டீச்சர் என்ன சொன்னாக?"

சின்னவள் போனை மதினியின் காதருகில் பிடித்தாள். முதலில் ஒரு சிறுமியின் குரல், இலை தனக்கு வேண்டிய சாப்பாட்டை வெயிலில் எப்படித் தயாரிக்கிறது என்று திக்காமல் சொன்னது. அடுத்து டீச்சரின் குரல்: "ரொம்பத் தெளிவா இருக்குடா. நாளைக்கு வகுப்புல இத நீயே நடத்து. நான் பெஞ்சுல உக்காந்து கேக்குறேன்."

"இன்னொருக்கா போடுடி," என்றாள் மதினி.

சின்னவள் போடவில்லை. போனில் மணி பார்த்தாள்.

"இந்நேரம் ஆரம்பிச்சிருப்பா மதினி."