ரெண்டு பிப்டி

ரெண்டுமே பிப்டி எம்எம் லென்ஸு தான் தம்பி. ரெண்டுலயும் மூஞ்சி ஒரே மாதிரி தான் வுழும். அத்த வுடு, இத்த எடுத்துக்கோ, ஆட்டோபோகஸு. ராஜகுளத்துலேர்ந்து வண்டி ஓட்டிக்கினு வந்துகீற. உத்திரமேரூரு ஏஞ்சலக்கா பயச தலைல கட்டிட்டான்னு நாளைக்கு நீ என்னப் பத்தி பேசக் கூடாது.

இன்னா, அந்த பயசு வெயிட்டா கீதா? இருக்கும், இரும்பு. கையால திருகித் திருகித் தான் போகஸ் வைக்கணும். நீ கல்யாணம் எடுக்குற ஆளு. தாலி கட்டும்போது ரிங்க திருகிக்கினு நின்னா, மாப்ள, இன்னொரு தபா கட்டுங்கன்னா கேக்க முடியும்? இது அப்டி இல்ல. பட்டன அமுக்குனா விர்ருனு போயி கண்ண புடிச்சிக்கும். பொண்ணு குனிஞ்சா அதுவும் கூடவே போவும்.

மேனுவலு தான் வோணுமா? அது எங்க உதவும்னு தெரியுமா உனக்கு? சாவு வூட்டுல. சிரிக்காத, நெஜமா தான். ஆட்டோபோகஸு கொண்டுபோனா, குறுக்க அழுதுக்கினு போறவங்க மூஞ்சிக்கெல்லாம் தாவும். படுத்துகீறவரு ஆடவா போறாரு? ஒரு தபா திருகி வெச்சா போதும்.

அப்டித் தான் மானாம்பதில ஒரு சாவுக்கு கூப்ட்டாங்க. வயலுக்கு தண்ணி கட்டிட்டு மோட்டார் கொட்டாயில படுத்தவரு, காலைல எழுப்புனா எழுந்திருக்கல. சின்ன வயசு. ஊர்ல ஒருத்தரு நாடி புடிச்சிப் பாத்துட்டு, முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டாரு. மாலையும் போட்டுட்டாங்க. நான் போயி, வெளிச்சத்த மறைக்காதீங்க, நவுருங்கன்னு கத்திட்டு, ட்ரைபாட வெச்சி, மாலைல ஒரு ரோஜா மேல போகஸ் வெச்சேன். ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பாக்குறேன், கலங்குது. திருகுறேன், தெளியுது. மறுபடியும் கலங்குது. இன்னாடா பேஜாரு, ரிங்கு லூசாயிடுச்சான்னு பாத்தா, அது வெச்ச எடத்துல தான் கீது. பூ தான் ஏறி எறங்குது.

இதே ஆட்டோபோகஸா இருந்தா பூ பின்னாடியே போயி சரி பண்ணிக்கினே இருந்திருக்கும். நானும் நாலு போட்டோ எடுத்துக்கினு வந்திருப்பேன்.

மூச்சு கீதுன்னேன். ஒருத்தரும் நம்பல. அவங்கம்மா பரிமளா தான் எழுந்து வந்து ஸ்கிரீனப் பாத்தாங்க. பாத்துட்டு மாலைய புடுங்கி எறிஞ்சாங்க பாரு! அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி. கட்டுவிரியன் கடிச்சிருக்கு. கடிச்ச எடமே தெரியாதாம். கை, கால், கண்ணு ரெப்ப, எதையும் அசைக்க முடியாம ஆக்கிடுமாம். மிஷின்ல மூச்சு குடுத்து, ஊசி போட்டு, எப்டியோ காப்பாத்திட்டாங்க.

ஆனா காது மட்டும் கேட்டுக்கினே இருந்துச்சாம் அவருக்கு. அம்மா அழுதது, பறை அடிக்க ஆள் சொன்னது, எல்லாம். நான் கேமராவுல பாத்துட்டு, நல்ல மூஞ்சி, பாவம்னு வாய்க்குள்ள சொன்னேன், அதுவும் தான். எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் நேரா இங்க, ஸ்டூடியோவுக்கே வந்து நின்னாரு. நல்ல மூஞ்சின்னு சொன்ன பொண்ணு நீதானான்னாரு. ஒக்காருங்கன்னேன்.

ஆமா, எங்க வூட்டுக்காரரு தான். சுகுமாரு. உன்கிட்ட போன்ல பேசுனாரே, அவரே தான். பயசு சும்மா கெடக்குதுன்னு என்னக் கேக்காமயே விக்கப் போட்டுட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல தம்பி. அன்னிக்கி கண்ண மூடிக்கினு இல்ல படுத்திருந்தாரு, எந்த லென்ஸுன்னு அவருக்கு இன்னா தெரியும்?