அப்பா நல்ல சுகம்

துறைமுகத்தடித் தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்றேன். ஒட்டுக் கேட்கும் எண்ணமில்லை. இடம் அவ்வளவு நெருக்கம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு தாய், வெளிநாட்டிலிருந்து அழைப்பெடுத்த மகனோடு உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா நல்ல சுகம். ஓமடா, நல்ல சுகம். நல்ல சுகமா இருக்கிறார்."

அவள் வெளியே வந்ததும், கூட வந்திருந்த அவளுடைய தங்கை பிடித்துக்கொண்டாள்.

"ஏனக்கா, அவன் திரும்பத் திரும்பக் கேட்டவனோ?"

"இல்லை, ஒருக்காத்தான் கேட்டவன்."

"பிறகேன் மூண்டுதரம் சொன்னனீங்கள்? ஒருக்காச் சொல்லியிருந்தா நம்பியிருப்பான். சுற்றிவளைப்பில ஆமி அத்தானைப் பிடிச்சுக் கொண்டுபோனது தெரிஞ்சா உடன வெளிக்கிட்டு வந்திடுவான். பிறகு அவனையும் கொண்டுபோவாங்கள்."

"தெரியும். முதல்தரம் சொல்லேக்க எனக்கே பொய்யாக் கேட்டது. அதுதான் திருப்பிச் சொன்னனான்."

"மூண்டாந்தரம்?"

"இன்னும் பொய்யாத்தான் கேட்டது."

தங்கை குடையை விரித்தாள். இருவரும் படியிறங்கும்போது தொலைபேசி மறுபடி அடித்தது. கடைக்காரர் எடுத்துக் கேட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்கட மகன். அப்பாவோட ஒருக்காக் கதைக்க வேணுமாம்."