நூற்றியொரு மீற்றர்

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் நான் மைதானத்தில் கதிரை போடுவதில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்கே முகம் வைத்து இருந்தால் கண்ணுக்குள் புழுதி நிறைந்துவிடும். பிறகு பந்து எது, பறவை எது என்று தெரியாது. மான்கள் வேறு. திருகோணமலை நகருக்குள் மான் திரிவதைப் பார்க்க வெளியூர்க்காரர் ஆசைப்படுவார்கள். விளையாட்டுத் தொடங்குமுன் அவற்றை மைதானத்திலிருந்து கலைத்துப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும்.

விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி கேட்டீர்கள். எழுதுகிறேன். என் பெயர் யுகேந்திரன். வயது நாற்பத்தெட்டு. உட்துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் லிகிதராக இருக்கிறேன். பதினான்கு வருடமாக, கிழக்கிலுள்ள சின்னக் கழகங்களில் பேஸ்போல் விளையாடுகிறவர்களை மதிப்பிட்டுக் கொழும்புக்கு அறிக்கை அனுப்பி வருகிறேன். இதற்குச் சம்பளம் இல்லை. வெயிலும் தலையிடியும் மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

உங்களில் ஒருவர் சட்டத்தரணி என்றபடியால் விளையாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உயர அடிக்கப்பட்ட பந்து தூரத்தில் விழும் இடத்தில் மூன்று பேர் நிற்பார்கள். அந்த வெளிக்கள வீரர்களைத்தான் நான் பார்க்கிறேன். எங்கள் பக்கத்து இளைஞர்கள் அநேகமாக எல்லே என்ற நாட்டு விளையாட்டை ஆடி வந்தவர்கள். மட்டையும் பந்தும் அவர்களுக்குப் புதிதல்ல. கண், கால், கை, மட்டை என்று நான்குக்கும் பத்துக்கு இத்தனை எனப் புள்ளி போடுவேன். கை என்றால் எறிகிற தூரமும் குறியும். தூரத்தை நாடா பிடித்து அளப்பேன். பந்து விழுந்த இடத்தில் நாடாவின் நுனி எப்போதும் என் கையில்தான் இருக்கும். இந்த ஒரு விடயத்தில் நான் பிறரை நம்புவதில்லை.

இதுவரை அறுபத்தொரு பேருக்கு அறிக்கை எழுதியிருக்கிறேன். ஒன்பது பேரைக் கொழும்பில் பயிற்சி முகாமுக்கு அழைத்தார்கள். இரண்டு பேர் தேசிய அணியின் சீருடையைப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த வருடம் அந்த இருவரும் வீட்டில். சாம்பல்தீவு இராகுலனுக்குக் கால் ஒன்பது, கண் எட்டு. அவன் முகாமுக்குப் போகும்போது ஊரே வந்து பஸ் ஏற்றிவிட்டது. எட்டுக் கிழமையில் திரும்பி வந்தான். இப்போது முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். ஒருமுறை தெரியாமல் அவனுடைய வண்டியில் ஏறிவிட்டேன். இறங்கும்வரை அவன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மைதானத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பவுமில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவனை அனுப்பியவன் நான்தானே. இனி ஒருவனையும் இப்படி உடைந்து வரவிடக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். நடந்ததெல்லாம் அந்த நினைப்பில் இருந்துதான் வந்தது.

என்னையும் ஒரு காலத்தில் கொழும்புக்கு அழைத்தார்கள். வழியில் ஹபரணை வரைக்கும் போனேன். வயிற்றுக்குத்து வந்து திரும்பிவிட்டேன். அது வேறு கதை.

கிரிசாந் மூன்று வருடத்துக்கு முன் சல்லி என்ற மீனவக் கிராமத்தில் இருந்து வந்தான். அப்போது அவனுக்கு இருபது வயது. காலையில் கரைவலை இழுத்துவிட்டு, காலில் மணல் காயாமல் சைக்கிளில் வருவான். தகப்பன் இல்லை. தாய் தங்கமுத்து மீன் காயப்போடுகிறவர். அக்கா லதுசா உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறாள். வந்த முதல் நாளே, தலைக்கு மேலால் போன ஒரு பந்துக்கு அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்க்கவேயில்லை. கடைசியில் கையை நீட்டினான், பந்து வந்து கைக்குள் இருந்தது. பதினான்கு வருடத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. என்ன உணர்ந்தேன் என்று கேட்பீர்கள். சந்தோசம் என்று சொல்ல ஏலாது.

போன வருடம் தை மாதம் அவனுடைய எறியை அளந்தேன். காற்று இல்லாத பின்னேரம். நாடா நூற்றிநான்கு மீற்றர் காட்டியது. குனிந்து இரண்டு தரம் பார்த்தேன். பிறகு எழும்பி, தொண்ணூற்றெட்டு என்று சத்தமாகச் சொன்னேன். தலைக்கனம் வந்தால் வளருகிற பிள்ளை கெட்டுவிடும். எங்கள் உடைமாற்றும் அறையின் சுவரில் மைதானத்தின் எறிதல் சாதனை எழுதியிருக்கிறது. 1998, நூற்றியொரு மீற்றர். அது என்னுடையது. இதை நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு விதமாக நினைக்கக் கூடாது.

அறிக்கையில் அவனுடைய கைக்கு ஆறு போட்டேன். விடயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் லதுசா தம்பி எறிவதைத் தொலைபேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டாள். அதை ஜப்பானில் ஒரு இரண்டாந்தரக் கழகத்தின் பயிற்றுநர் பார்த்திருக்கிறார். இந்த மாவட்டத்தில் மதிப்பிடுகிறவன் நான் என்று விசாரித்து எனக்கே எழுதினார். ஆவணியில் வந்து பார்க்கிறேன், பிடித்தால் இரண்டு வருடம் வைத்துப் பழக்குகிறேன், அதற்குப் பிறகு முதற்தரக் கழகங்களும் பார்க்கும் என்று எழுதியிருந்தார். கிரிசாந்திடம் சொன்னேன். மறைக்கவில்லை. அவன் மைதானத்திலேயே இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு வெறித்தனமாக எறியத் தொடங்கினான். ஆனி மாதம் வலது தோள் நோகிறது என்றான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். அறிக்கை கைக்கு வந்த அன்று டொக்டரிடம் காட்ட இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அதனால் தாயும் மகனும் அதை என்னிடம் கொண்டுவந்தார்கள். இது எங்கள் பக்கத்து வழக்கம். ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் வீட்டுக்கு வரும். வங்கிக் கடிதம், விசா மறுப்பு, காணிக் கடிதம், எல்லாவற்றையும் வாசித்து விளங்கப்படுத்துவேன். நான் சொன்னதை வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்தவர் இதுவரை இல்லை.

விறாந்தையில் இருந்து வாசித்தேன். மனைவி பிரசாந்தி குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். அறிக்கை தெளிவாகவே இருந்தது. தோள்மூட்டுத் தசைநாரில் சிறு கிழிவு. பன்னிரண்டு கிழமை முழு ஓய்வு. எறியவோ பாரம் தூக்கவோ கூடாது. ஓய்வெடுத்தால் முற்றாகக் குணமாகும், எடுக்காவிட்டால் முழுதாக அறுந்துவிடும். இரண்டாம் முறை வாசிக்கத் தேவையில்லாத ஆங்கிலம்.

தங்கமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேர், என்ன போட்டிருக்கு?"

"பயப்பிட ஒண்டுமில்லை அக்கா," என்றேன். "சதை இறுகிப் போச்சுதாம். சும்மா விட்டால் இன்னும் இறுகும். எறிஞ்சு எறிஞ்சுதான் இளக வேணும்."

தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மகன் சிரித்தான். டொக்டரிடம் திரும்பப் போகத் தேவையில்லை, வரிசையில் நின்று ஒரு நாள் உழைப்பு வீணாகும் என்றும் சொன்னேன். அறிக்கையை மடித்து உறைக்குள் போட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். களவாக எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாளே உண்மையைச் சொல்லியிருப்பேன். அதற்கு முதல் ஜப்பான்காரருக்கு எழுதினேன். இவனுடைய தோளில் பழுது, வரவேண்டாம் என்று எழுதினேன். அவர் வேண்டாம் என்று விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். கிரிசாந் ஓய்வெடுத்துச் சுகமாகியிருப்பான், என் கழகத்திலேயே விளையாடியிருப்பான். ஆனால் அவர் அன்றைக்கே பதில் போட்டார். அப்படிப்பட்ட கைக்குக் காத்திருக்கலாம், நன்றாக ஓய்வெடுக்கட்டும், நான் தை மாதம் வருகிறேன் என்று. இப்போது நான் என்ன செய்ய ஏலும்? ஓய்வெடுத்தால் அவன் போய்விடுவான். போனால் இராகுலனைப் போலத் திரும்பி வருவான். அல்லது திரும்பி வராமலே விடுவான். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இதை எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஜப்பான்காரரின் பதிலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஆவணிக்கு ஆயத்தமாக வேண்டும் என்று சொல்லி அவனுக்கு ஒரு நாளைக்கு நாற்பது எறி என்று கணக்கு வைத்தேன். கச்சானுக்கு எதிர்முகமாக நிற்கவைத்தேன், காற்றை வெட்டி எறிந்தால்தான் தோள் இளகும் என்று சொன்னேன். ஒவ்வொரு பின்னேரமும் நாடா பிடித்தேன். தொண்ணூற்றொன்று. எண்பத்தேழு. எண்பது. எறிந்து முடிந்ததும் அவனைக் கதிரையில் இருத்தி நானே எண்ணெய் தேய்த்துவிடுவேன். கிழிவு எந்த இடத்தில் என்று அறிக்கையில் இருந்தது. பெருவிரலை வைத்தால் அந்த இடம் தெரியும். கிழமைக்குக் கிழமை அது பெருத்தது. நோகிறதா என்று கேட்பேன். இல்லை சேர் என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான் என்பது முதுகுப் பக்கம் நிற்கிறவனுக்கும் தெரியும்.

எனக்கு அவன்மேல் எவ்வளவு பாசம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எத்தனை பயிற்றுநர்கள் தங்கள் கையால் எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள்?

பத்தொன்பதாம் நாள், முப்பத்திரண்டாவது எறி. நான் தூரத்தில் நின்றேன். அவன் கையைச் சுழற்றியது தெரிந்தது. பந்து பத்து மீற்றர் கூட வரவில்லை, புல்லில் உருண்டது. அவன் முழங்காலில் இருந்தான், வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நடந்துதான் போனேன், ஓடவில்லை, ஓடி ஒன்றும் ஆகப்போவதில்லை. கிட்டப் போனதும் நிமிர்ந்து பார்த்தான். முகம் முழுக்க வேர்வை.

"சேர், குறை நினைக்காதேங்கோ," என்றான். "உங்கடை பாடெல்லாம் வீணாப் போச்சு."

அந்தக் கணத்தில் எனக்கும் அழுகை வந்தது. பொய்யழுகை இல்லை. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். மைதானத்தில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

பிறகு சத்திர சிகிச்சை செய்தார்கள். டொக்டர்மார் முடிந்ததைச் செய்தார்கள், பிந்திவிட்டது. கை தோளுக்கு மேல் எழும்பாது. கரைவலையும் இழுக்க ஏலாது. தங்கமுத்து இதை விதி என்று ஏற்றுக்கொண்டார். எனக்கு நெத்தலிக் கருவாடு கொண்டுவந்து தந்தார். லதுசாதான் ஏற்றுக்கொள்ளவில்லை. விடுதிக்கு வரும் வெள்ளைக்காரரோடு கதைத்துக் கதைத்து அவள் ஆங்கிலம் பழகியிருந்தாள். அது எனக்குத் தெரியாது. அலுமாரிக்குள் இருந்த அந்த உறையை எடுத்து வாசித்துவிட்டு நேரே என் கந்தோருக்கு வந்தாள். கத்தவில்லை. அறிக்கையை என் மேசையில் விரித்தாள்.

"இதை நீங்கள் முழுக்க வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"விளங்கினதோ?"

"ஓம்."

நான் அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. இராகுலனின் கதையை எடுத்துச் சொன்னேன். தோற்றுத் திரும்பி வருகிறவனுக்கு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினேன்.

"இராகுலன் அண்ணா நல்லாத்தான் இருக்கிறார்," என்றாள். "சாம்பல்தீவிலை பின்னேரத்திலை பிள்ளையளுக்கு விளையாட்டுப் பழக்கிறார். தோத்தவன், தோத்தவன் எண்டு நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சதாலை உங்களோடை மட்டும்தான் கதைக்கிறேல்லை."

அப்படி ஒரு கோணம் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அறிக்கையை வேறு விதமாக வாசித்திருப்பேனா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், தெரியவில்லை. அவள் அறிக்கையை எடுத்துக்கொண்டு போய் உங்களிடம் தந்தாள். அவள் செய்தது சரிதான். அவளில் எனக்குக் கோபமில்லை.

ஆகவே நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் விடை இது. அறிக்கையை வாசித்தேன், விளங்கியது. விளங்கியதை மாற்றிச் சொன்னேன். தோள் அறுந்துபோகும் என்று தெரிந்துகொண்டே, அறும்வரை நாள் தவறாமல் எறியவைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. கிரிசாந்தை ஒரு பெரிய ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றினேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவனுக்கு என்மேல் ஒரு குறையும் இல்லை. அக்கா சொன்னதை அவன் நம்பவில்லை. இதனால் வீட்டில் இருவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். பின்னேரங்களில் மைதானத்துக்கு வருகிறான். எனக்குக் கதிரை எடுத்துப் போடுகிறான், மான் கலைக்கிறான், புதியவர்கள் எறியும்போது நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்கிறான். போன மாதம் உடைமாற்றும் அறைக்கு வெள்ளை அடித்தார்கள். பழைய எழுத்து மறைந்துபோனதால் அதைத் திருப்பி எழுத ஆள் தேடினார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. கிரிசாந்தான் தானாக முன்வந்து, ஏணியில் ஏறி, இடது கையால் எழுதினான். எழுத்துக் கொஞ்சம் கோணல். ஆனால் இலக்கம் சரி: நூற்றியொரு மீற்றர், இருபத்தாறு வருடமாக ஒருவரும் தாண்டாதது.