இடது கைச் சுற்று

இந்த வருஷம் கோவில்பட்டிப் பக்கம் மழை தள்ளிப்போனது எனக்கு நல்லதாகப் போயிற்று, ஐயா. கரிசல்காட்டுக்காரன் வானத்தைப் பார்த்து ஏங்குவான். பட்டாசு போடுகிறவனுக்கு வெயில்தான் சாமி.

என் கொட்டகையில் வெடிக்குச் சணல் சுற்றுகிறவர்களில் சீனித்தாய்தான் கெட்டிக்காரி. இடது கைக்காரி. எல்லாரும் வலமாகச் சுற்றினால் அவள் இடமாகச் சுற்றுவாள், நகம் நுழையாத இறுக்கம். என்னிடம் வெடி வாங்குகிற யோகராஜ் பெரிய வெடியாகக் கேட்டபோது அவள் சுற்றியதையே எடுத்துக் கொடுத்தேன். செத்த யானையின் தாடையிலிருந்து உங்கள் வனத்துறை டாக்டர் எடுத்த சணலும் இடமாகச் சுற்றியிருந்ததால், அவளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அண்ணாச்சி, இம்புட்டுப் பெருசா எதுக்குச் சுத்தச் சொல்லுதீங்க?" என்று கேட்கத்தான் செய்தாள்.

"மலையடிவாரத்துல தோட்டத்துக்குள்ள பன்னி வருதாம்ட்டி. வெரட்டத்தான்" என்றேன்.

யோகராஜுக்கு யானைத் தந்தம் விற்கிற தொழில். நீங்கள் வனத்துறையில் கெடுபிடியைக் கூட்டினீர்கள். நாட்டுத் துப்பாக்கிகளைப் பறித்தீர்கள், சுடும் சத்தம் கேட்டால் ஜீப்பில் வந்து நின்றீர்கள். அதற்காக வியாபாரத்தை விட முடியுமா? தோட்டத்து வெடிச்சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வெடியைப் பழத்துக்குள் வைத்தால் யானை தானே வந்து கடித்துக்கொள்ளும். தாடை போய்விடும். அப்புறம் தின்ன முடியாது, குடிக்க முடியாது, குளத்தில் போய் நிற்குமாம். அது விழுகிறவரை யோகராஜின் ஆட்கள் தூரத்தில் பீடி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். யாரும் அதைச் சுடவில்லை, அடிக்கவில்லை. எனக்கு ரத்தம் பார்த்தாலே ஆகாது, ஐயா.

ஒரு தடவை பெண் யானை கடித்துவிட்டது. அதற்குத் தந்தம் கிடையாது. குட்டி பக்கத்தை விட்டு நகராமல் நின்றதாக யோகராஜ் சொன்னான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சீனித்தாய் அவ்வளவு பாடுபட்டுச் சுற்றியது வீணாகிவிட்டதே என்றிருந்தது.

நேற்று உங்கள் ஆட்கள் செத்த யானையின் படத்தைக் காட்டியதும் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாளாம். இனிமேல் சாகிறவரை சணலைத் தொடமாட்டேன் என்றாளாம். அதைக் கேட்டபிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, நானே தேடி வந்துவிட்டேன். கொடுத்தது நான். எதற்கென்று தெரிந்தே கொடுத்தேன், ஒவ்வொரு தடவையும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவளை விட்டுவிடுங்கள். அனுப்பும்போது புத்தி சொல்லி அனுப்புங்கள், ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பாள். தீபாவளி நெருங்கிவிட்டது. அவள் கை இல்லாமல் என் கொட்டகை ஓடாது.