தம்பியின் பெயர்

எண்ணூரிலிருந்து வந்த பேருந்தில், டோலக்கை மடியில் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"என் பாட்ட நானே பாடுனா திருடன்றாங்க மாமு."

"இன்னா சொல்ற?"

"கடலுக்குப் போன என் தம்பி திரும்பலன்னு நான் கட்டுன கானா. அத்த ஒரு பெரிய பாடகன் தன் பாட்டுக்கு நடுவுல சேத்து, மேடைக்கு மேடை பாடிகினு கீறான். நேத்து காலடிப்பேட்டை சாவு வூட்ல நான் ஆரம்பிச்சா, 'அவரு பாட்ட ஏன் பாடுற'ன்னு நிறுத்திட்டாங்க."

"அவன்கிட்டயே கேளேன்."

"கேட்டேன். 'ஊரே பாடுது, சந்தோஷப்படு நைனா'ன்னான். தம்பி பேரு வர்ற எடத்துல, செத்துப்போன தன் தோஸ்து பேர வெச்சிப் பாடறான்."

நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டோலக்கை வைத்திருந்தவர் தொடர்ந்தார்:

"காலைல எங்கம்மா மீன் கழுவிகினே அந்தப் பாட்ட முணுமுணுத்துது. அந்தத் தோஸ்து பேரச் சொல்லித்தான் பாடுச்சி."