மிச்சம் பிடித்த மாஸ்டருக்கு

கணக்கில் கறாரும் கண்ணில் கருணையும் ஒருங்கே கொண்டவரே! பார்க்டேல் பள்ளிப் பிள்ளைகளின் பாசத்துக்குரியவரே! பனி கொட்டினாலும் பள்ளிக்குப் பிந்தாத பண்பாளரே! துணை அதிபர் திரு. வைத்திலிங்கம் தில்லையம்பலம் அவர்களே! டொரொன்ரோப் பள்ளிகளில் பணிபுரியும் தமிழ் நண்பர்கள் நாங்கள், 1979ஆம் ஆண்டு ஆனி மாதத்தின் இந்த இனிய மாலையில், ஓய்வுபெறும் உங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

அவையோரே! குணங்களை அடுக்கிவிட்டு மாலை போட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. இவர் விட்ட பிழை ஒன்றைச் சொல்லியே இவரைப் புகழப் போகிறோம். மாஸ்டர் இப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்துப் பேரெடுத்தவர், இங்கே ஆசிரியராய் இருந்துகொண்டே ஐம்பதைத் தாண்டிய வயதில் அதிபர் பயிற்சிக்குப் போனார். கோடையில் ஊரெல்லாம் ஏரிக்கரையில் காற்று வாங்க, இவர் பள்ளியின் வரவுசெலவுத் திட்டத்தோடு மல்லுக்கட்டினார். பிள்ளைகளின் தலைக்கு இவ்வளவென்று பணம் வரும். சம்பளமும் குளிருக்கு எரிக்கும் எண்ணெயும் முதலில் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய சொற்பத்தில்தான் அதிபரின் கெட்டித்தனம். அத்தனையையும் கரைத்துக் குடித்தார். பழகிப் பார்க்கட்டுமென்று பள்ளி அதிபர் நூலகச் செலவை இவரிடம் ஒப்படைத்தார்.

விடுவாரா எங்கள் யாழ்ப்பாணத்தார்! கிழிந்த புத்தகங்களுக்குத் தானே அட்டை போட்டார். கடை கடையாய் ஏறி விலை பேசினார். ஆண்டு முடிவில் நல்லதொரு தொகையை மிச்சம் பிடித்து, மார்தட்டாத குறையாகக் கல்விச் சபைக்குத் திருப்பி அனுப்பினார். பாராட்டு வருமென்று காத்திருந்தார். வந்ததோ வெட்டு! மிஞ்சிய பணம் தேவைப்படாத பணமாம். அடுத்த ஆண்டு நூலகத்துக்கு அவ்வளவும் குறைத்தாயிற்றாம். அதனால் நூலக உதவியாளர் கல்யாணியின் பிற்பகல் வேலை போகும். ஆங்கிலம் தெரியாமல் வந்து சேர்ந்த பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து அவர் வாசித்துக்காட்டும் நேரமும் போகும்.

மதுரைக்காரரான கல்யாணி நேரே வந்து நின்றார். "நல்லா மிச்சம் புடிச்சீங்க சார்! இப்ப என்னையும் சேத்து அனுப்பிடுவாங்க போலிருக்கே!"

மாஸ்டருக்கு முகம் செத்துப்போயிற்று. "பிழை என்ரதான், பிள்ளை. உம்மட வேலை போக விடமாட்டன்" என்றார்.

மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுச் சபை அலுவலரிடம் போய்த் தன் பிழையைத் தானே சொன்னார். அவரோ கையை விரித்துவிட்டார். வேறொருவராயின் விதியென்று விட்டிருப்பார். இவர் திட்டத்தை வரி வரியாக மறுபடி படித்தார். வெட்டு விழுந்த அந்த ஆண்டில்தான் இவர் துணை அதிபராகிறார். இவருடைய அறைக்கென்று கம்பளம், புது மேசை, சாய்நாற்காலி என ஒரு தொகை அதில் இருந்தது. ஒரு செலவுத் தலைப்பின் பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்ற அதிபருக்கு அனுமதியுண்டென்பதும் படித்த பாடம்தானே! எனக்குக் கம்பளமும் வேண்டாம், மேசையும் வேண்டாம், நூலகத்தின் பிற்பகலைத் தாருங்கள் என்று அதிபரிடம் கேட்டார். விடாப்பிடியாய் நின்று வாங்கியும் விட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் நூலகப் பணத்தில் ஒரு சதமும் சபைக்குத் திரும்பிப் போகவில்லை.

பெருமைக்குரிய பெருந்தகையே! அன்று தொட்டு இன்றுவரை நீங்கள் வேலை செய்தது கால் ஆடும் பழைய மேசையில், அதன் காலுக்கடியில் காகித மட்டை மடித்து வைத்து. உங்கள் அறைக்குள் வந்து அதில் வைத்தால் எங்கள் தேநீர் தளும்பும். அந்த மேசையைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். வெளியே போய் எங்கள் மாஸ்டரின் மேசையென்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியும் இருக்கிறோம். எங்களில் யார் அதிபர் பயிற்சிக்குப் போனாலும் நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "மிச்சம் பிடியாதேங்கோ. பிள்ளையளுக்குச் செலவழியுங்கோ."

இந்த மடலை வாசித்துக்கொண்டு நிற்பது யாரென்று பாருங்கள். அதே கல்யாணிதான், ஐயா! நாளைக்கும் பிற்பகல் அவருக்கு நூலகத்தில் வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு ஒரு மேசை வாங்கியிருக்கிறோம். கால் ஆடாது. சேர்த்த பணம் முழுவதும் செலவு. திருப்பித் தரலாமென்று கனவிலும் நினைக்காதீர்கள். நோய் நொடி அண்டாமல், துணைவியாரோடும் மக்களோடும் நூறாண்டு காணுங்கள். அதில் ஒரு நாளைக்கூட மிச்சம் பிடித்துவிடாதீர்கள், மாஸ்டர்!

என்றும் உங்கள் அன்பில்,
டொரொன்ரோப் பள்ளிகளின் தமிழ் ஆசிரியரும் அலுவலரும்